உங்க ஊருக்கு மாஸ்டர் பிளான் வரைவு வந்திருக்கா? அந்த ரெண்டு மாசத்துல செய்ய வேண்டியது

பேப்பர்ல உள்பக்கத்துல ஒரு சின்ன விளம்பரம் வரும், "உள்ளூர் திட்டப் பகுதிக்கான வரைவு முழுமைத் திட்டம், பொதுமக்கள் ஆட்சேபணை மற்றும் ஆலோசனைகள் வரவேற்கப்படுகின்றன"ன்னு. முழுமைத் திட்டம்னா மாஸ்டர் பிளான்தான். பெரும்பாலான ஊர்ல அதை யாரும் பாக்கறதே இல்ல, பாத்தாலும் இது ஏதோ ஆபீஸ் சமாச்சாரம்னு திருப்பிட்டு போயிடறோம். அடுத்த இருவது வருஷத்துக்கு உங்க ஊர் எந்தப் பக்கம் வளரும், எந்த வயல் பிளாட் ஆகும், எங்க ரோடு போகும், யார் வீட்டுக்குப் பக்கத்துல குப்பைக் கிடங்கு வரும்னு முடிவு பண்றது அந்த மேப்புதான். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971, பிரிவு 26 படி அரசிதழ்ல அறிவிப்பு வந்த நாள்லேர்ந்து குறைஞ்சது ரெண்டு மாசம் நமக்கு டைம் குடுத்தே ஆகணும். அந்த ரெண்டு மாசம் போச்சுன்னா அப்புறம் ஒரு கோட்டை மாத்தறதுக்கு வருஷக்கணக்குல அலையணும்.

எவ்ளோ வருஷம்னு புரிய ஒரு உதாரணம் சொல்றேன். கோயம்புத்தூர் மாஸ்டர் பிளானுக்கு 1994-ல ஒப்புதல் கெடச்சுது. அதுக்கடுத்த வரைவு வெளிய வந்தது 2024-ல. முப்பது வருஷம் ஒரே பிளான். அவ்ளோ பெரிய ஊருக்கே இப்படின்னா திண்டுக்கல், கரூர், விருதுநகர், தென்காசி மாதிரி ஊர்கள்ல நில வகையைக் காட்ட மேப்புல அடிச்ச ஒரு தப்பான கலர் எத்தன காலம் அப்படியே இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

நான் இங்க சொல்லப்போறது பூரா தமிழ்நாட்டு சின்ன நகரங்களுக்கு, சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) எல்லைக்குள்ள இருக்கறவங்களுக்கு நடைமுறை கொஞ்சம் வேற.

முதல் வாரம்: பேப்பர் எல்லாத்தையும் கைக்கு கொண்டு வாங்க

வரைவுன்னா ஒரே ஒரு மேப் இல்ல. திட்ட அறிக்கை ஒண்ணு இருக்கும், நூறு பக்கத்துக்கு மேல ஓடும். தற்போதைய நிலப் பயன்பாட்டு வரைபடம் ஒண்ணு, உத்தேச நிலப் பயன்பாட்டு வரைபடம் ஒண்ணு. அப்புறம் கிராம வாரியா சர்வே நம்பர் பட்டியல், அதாவது எந்த நம்பர் எந்த மண்டலத்துல வருதுன்னு. இந்த நாலும் கைல இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது. எல்லாரும் உத்தேச மேப்ப மட்டும் வாட்ஸ்அப்ல ஷேர் பண்ணிட்டு சண்டை போடுவாங்க. ஆனா வழக்குல, விசாரணைல எல்லாம் பேசறது சர்வே நம்பர் பட்டியல்தான், அதனால அதை முதல்ல வாங்குங்க.

எங்க கிடைக்கும்னா நகராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகம், நகர் ஊரமைப்பு மாவட்ட அலுவலகம் (எல்லாரும் டிடிசிபி ஆபீஸ்னு சொல்றது), டிடிசிபி இணையதளம். எங்க போய் பாக்கலாம்ங்கறதை அறிவிப்புலயே போட்டிருக்கணும். இணையத்துல வர்ற பிடிஎஃப்ல ஒரு தொல்லை உண்டு, பெரிசு பண்ணினா சர்வே நம்பர் எல்லாம் புள்ளி புள்ளியா மங்கிடும். அப்ப நேர்ல போய் சுவர்ல மாட்டியிருக்கற பெரிய பிரிண்ட உங்க பகுதி வரைக்கும் துண்டு துண்டா போட்டோ எடுத்துக்கோங்க, அது பொதுமக்கள் பாக்கறதுக்குன்னே வெச்ச ஆவணம், தயங்க வேணாம்.

கிடைக்காத பேப்பருக்கு அன்னிக்கே ஆர்டிஐ போட்ருங்க, பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு. பதில் குடுக்க அவங்களுக்கு 30 நாள் இருக்கு, அதாவது உங்க ரெண்டு மாசத்துல பாதி. அதனாலதான் முதல் நாளேன்னு சொல்றேன். என்ன கேக்கறதுன்னா: கள ஆய்வு எந்த தேதியில நடந்துச்சு, மக்கள்தொகை கணிப்புக்கு எந்த முறை பயன்படுத்தினாங்க, நீர்வளத் துறை, வேளாண் துறை, மாவட்ட ஆட்சியர்கிட்டேர்ந்து என்ன கருத்து வந்துச்சு, அந்தக் கடிதங்களோட நகல். கடைசியா சொன்ன கடிதங்கள்தான் ரொம்ப முக்கியம். சில சமயம் இன்னொரு துறையே "இந்த இடம் வேணாம்"னு எழுதியிருக்கும், அது அறிக்கைல எங்கயும் வராது.

உங்க நம்பரை மேப்புல கண்டுபிடிக்கறது

கலர்ல குழம்பாதீங்க. பொதுவா மஞ்சள் குடியிருப்பு, நீலம் வணிகம், ஊதா தொழிற்சாலை, சிவப்பு அரசு மற்றும் பொது நிறுவனம், பச்சை விவசாயமோ திறந்தவெளியோ. ஆனா ஒவ்வொரு மேப்புக்கும் ஓரத்துல குறியீட்டு விளக்கம் இருக்கும், அதைப் பாத்துட்டு சொல்லுங்க, ஏன்னா பச்சைலயே ரெண்டு மூணு பச்சை இருக்கும், விவசாயப் பச்சையும் பார்க் பச்சையும் ஒண்ணு இல்ல.

டவுனுக்குள்ள இருக்கறவங்களுக்கு இன்னொரு சிக்கல். உங்க பழைய பத்திரத்துல சர்வே நம்பர் 214/3பின்னு இருக்கும், ஆனா நகர நிலஅளவை முடிஞ்ச ஊர்ல அதே இடத்துக்கு வார்டு, பிளாக், டி.எஸ். நம்பர்னு புது எண் வந்திருக்கும். மேப் ஒரு நம்பர்ல பேசும், பத்திரம் வேற நம்பர்ல பேசும். தாலுகா ஆபீஸ்ல நகர நிலஅளவைப் பிரிவுல பழைய நம்பருக்கு புது நம்பர் என்னன்னு கேட்டு வாங்கிக்கோங்க. அரசோட இ-சர்வீசஸ் தளத்துல பட்டா, அ-பதிவேடு (எந்த நம்பர் என்ன வகை நிலம்னு இருக்கற பதிவு), புலப்படம் (அந்த நம்பரோட அளவு வரைபடம்) மூணையும் இறக்கி ஒண்ணா பின் பண்ணி வெச்சுக்கோங்க, இனிமே எங்க போனாலும் அந்தக் கட்டு உங்க கைல இருக்கணும்.

இன்னொண்ணு, இந்த மேப்புகள் இப்ப சாட்டிலைட் படத்து மேல பழைய கிராம வரைபடத்தை வெச்சு செய்றாங்க. அந்த கிராம வரைபடங்கள் சங்கிலி பிடிச்சு அளந்த காலத்தது. ரெண்டும் பல இடத்துல சரியா பொருந்தாது, நம்பரோட எல்லைக்கோடு பத்து மீட்டர், இருவது மீட்டர் நகந்து நிக்கும். உங்க தோட்டம் விவசாய மண்டலத்துல, ஓரத்துல மட்டும் ஒரு துண்டு தொழிற்சாலை மண்டலத்துலன்னு வந்தா பதறாதீங்க, இந்த நகர்வாத்தான் இருக்கும். ஆனா எழுதிக் குடுத்து திருத்தலன்னா அந்தத் துண்டே பின்னாடி நிரந்தரம் ஆயிடும்.

தண்ணி போற வழியை நடந்து பாருங்க

உங்களுக்கு ஒரே ஒரு வேலை செய்யத்தான் நேரம் இருக்குன்னா இதைச் செய்யுங்க. மத்த எல்லா தப்பையும் காசு செலவழிச்சா பின்னாடி சரி பண்ணலாம், வாய்க்கா மேல எழுந்த நூறு வீட்டை யாராலயும் நகத்த முடியாது.

கண்மாய், ஏரி, குளம் எல்லாம் பெரும்பாலும் மேப்புல நீர்நிலைன்னு ஒழுங்கா இருக்கும், ஏன்னா சாட்டிலைட்ல பளிச்சுன்னு தெரியுது. காணாம போறது அதுக்கு தண்ணி கொண்டு வர்ற வரத்துக்கால், நெறஞ்சா வழியற கலிங்குக்கு கீழ இருக்கற மறுகால் ஓடை, ஒரு கண்மாய்க்கும் அடுத்த கண்மாய்க்கும் நடுவுல இருக்கற மெல்லிசான கால்வாய். இதெல்லாம் பத்து அடி, பதினஞ்சு அடி அகலம்தான், வெயில் காலத்துல புல்லு மண்டி வெறும் பள்ளமா கிடக்கும், மேல பறக்கற கேமராவுக்கு அது காலி நிலம். அதுமேல மஞ்சள் அடிச்சிடுவாங்க, யாரும் வேணும்னே பண்றதில்ல, தெரியாமதான்.

கண்டுபிடிக்கற வழி இதுதான். அ-பதிவேட்டுல உங்க கிராமத்துக்கு புறம்போக்குன்னு வகைப்படுத்தின நம்பர் எல்லாத்தையும் தனியா ஒரு நோட்டுல எழுதுங்க. குறிப்பு பகுதியில ஓடை, வாய்க்கால், ஏரி, குளம், மந்தை, களம், பாதைன்னு இருக்கும். அந்த ஒவ்வொரு நம்பரையும் உத்தேச மேப்புல தேடுங்க. நீர்நிலைக்கான கலர்லயோ பச்சையாவோ இல்லாம வேற கலர்ல இருக்கற நம்பரை வட்டம் போடுங்க. அந்த வட்டம்தான் உங்க ஆட்சேபணையோட முதல் பக்கம்.

அப்புறம் காலைலயே ஒரு ரெண்டு மூணு பேர் சேந்து, மேல் கண்மாய் கலிங்குலேர்ந்து கிளம்பி கீழ் கண்மாய் வரைக்கும் நடங்க. செல்போன்ல லொகேஷன் ஆன் பண்ணி ஒவ்வொரு திருப்பத்துலயும் போட்டோ. நாங்க ஒரு தடவ இப்படி நடந்தப்போ ஒரு எடத்துல ஓடை திடீர்னு நின்னுபோச்சு, அந்தப் பக்கம் கல்லு நட்டு பிளாட் போட்ட இடம், மேப்புலயும் அதே இடத்துல ஓடைக் கோடு கிராம எல்லையோட முடிஞ்சிருந்துச்சு, அடுத்த கிராமத்து மேப்புல அதுக்கு தொடர்ச்சியே இல்ல. ஆடு மேய்ச்சிட்டிருந்த ஒரு பெரியவர்கிட்ட "அய்யா, இங்க தண்ணி எதுவழியா போகும்?"னு கேட்டோம். "எதுவழியான்னா என்ன தம்பி, நீங்க நிக்கிற எடம்தான். ஐப்பசி அடமழைக்கு வந்து பாருங்க, இடுப்பளவு ஓடும்"னாரு. அந்த வரியை அப்படியே அவர் சம்மதத்தோட எழுதி கையெழுத்து வாங்கி ஆட்சேபணையோட சேத்தோம், கூடவே ரெண்டு கிராமத்தோட புலப்படத்தையும் ஒட்டி வெச்சு எங்க அறுபடுதுன்னு சிவப்புல காட்டினோம். கிராம எல்லைல ஓடை அறுபடறது ரொம்ப சகஜமா நடக்கற தப்பு, ஒவ்வொரு கிராமத்தையும் தனித்தனியா டிஜிட்டல் பண்ணி ஒட்டறதால வர்றது, உங்க மேப்புலயும் கண்டிப்பா தேடிப் பாருங்க.

இவ்ளோ அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. 2023 டிசம்பர் 17, 18-ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டுச்சு. அந்த மழையை எந்த ஊரும் முழுசா தாங்காதுதான். ஆனா தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள்ல குளங்கள் உடைஞ்சப்போ தண்ணி தன்னோட பழைய தடத்தைத் தேடித்தான் போச்சு, அந்தத் தடத்துல வீடு கட்டினவங்க பெரும்பாலும் சேமிப்பு பூரா போட்டு ஒரு மனை வாங்கின சாதாரண ஆளுங்க. அவங்களுக்கு விக்கும்போது யாரும் மறுகால் இங்கதான்னு சொல்லலை.

எழுதும்போது துணைக்கு ரெண்டு விஷயம்: தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் 2007, அப்புறம் பொது நிலங்களை ஆக்கிரமிப்புலேர்ந்து மீட்கணும்னு உச்ச நீதிமன்றம் 2011-ல ஜக்பால் சிங் வழக்குல சொன்ன தீர்ப்பு. ஒரு வரி குறிப்பிட்டா போதும், பக்கம் பக்கமா எடுத்துப் போட வேணாம்.

அறிக்கையில இருக்கற கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்க

மேப் யாரு வேணா பாப்பாங்க, அறிக்கையோட மக்கள்தொகை அத்தியாயத்தை யாரும் படிக்க மாட்டாங்க. ஆனா எவ்ளோ வயலை மஞ்சள் ஆக்கணும்னு முடிவாகறது அங்கதான்.

2021-ல நடக்க வேண்டிய மக்கள்தொகை கணக்கெடுப்பு தள்ளிப்போய் 2027-னு ஆயிடுச்சு, அதனால வரைவுகள் பலதும் 2011 கணக்கை வெச்சுத்தான் 2041-ஐ கணிக்குது. சும்மா ஒரு ஊரை எடுத்துப்போம், 2001-ல 60,000 பேர், 2011-ல 72,000 பேர்னு வெச்சுக்கோங்க. பத்து வருஷத்துக்கு 12,000 கூடுதுன்னு நேரா கூட்டிட்டே போனா 2041-ல 1,08,000. அதே 20 சதவீதம்னு பெருக்கிட்டே போனா 1,24,416. முறையை மாத்தினாலே 16,000 பேர் வித்தியாசம். இதுக்கு மேல "தொழில் வளர்ச்சி காரணமாக"ன்னு ஒரு வரி போட்டு ரெண்டு லட்சம்னு எழுதியிருந்தா, எந்தத் தொழில், எத்தன வேலை, எங்க வருதுன்னு கேளுங்க. சில ஊருக்கு அது உண்மையாவே இருக்கும், ஓசூர் மாதிரி. எல்லா ஊரும் ஓசூர் இல்ல.

அடுத்தது நிலம். மத்திய அரசோட 2014 நகர்ப்புறத் திட்ட வழிகாட்டியில சின்ன நகரங்களுக்கு ஹெக்டேருக்கு 75-லேர்ந்து 125 பேர்னு அடர்த்தி சொல்லியிருக்கு. நடுவுல 100-னு வெச்சா நம்ம உதாரண ஊரோட 1,24,416 பேருக்கு 1,244 ஹெக்டேர் போதும், வீடு, ரோடு, கடை, ஸ்கூல் எல்லாம் சேத்து. வரைவுல குடியிருப்புக்கு மட்டுமே 3,000 ஹெக்டேர் இருந்தா மீதி எதுக்கு? யாரும் குடிவராத பிளாட்டுக்கு. கல்லு நட்டு, வளைவு வெச்சு, "நகர்"னு பேர் வெச்சு, பத்து வருஷமா கருவேலம் மொளச்சு கிடக்கற லேஅவுட் உங்க ஊரைச் சுத்தியும் இருக்கும். அங்கங்க நாலு வீடுன்னு செதறிக் கிடந்தா நகராட்சி ஒவ்வொரு நாலு வீட்டுக்கும் குழாய் இழுக்கணும், குப்பை வண்டி அனுப்பணும், லைட் போடணும், வரி வருமானமோ நாலு வீட்டுதுதான். சின்ன ஊரோட கஜானா காலியாகறது இப்படித்தான். என்னோட கருத்து என்னன்னா, மஞ்சளைக் குறைக்கச் சொல்லி கேக்கறதுதான் ஒரு சின்ன ஊருக்கு நாம செய்யக்கூடிய பெரிய நல்லது, நிலம் வெச்சிருக்கற சொந்தக்காரங்களே கோவிச்சுக்குவாங்க, அதைப் பொறுத்துக்கணும்.

தண்ணிக் கணக்கும் போடுங்க. பாதாள சாக்கடை இருக்கற ஊருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்ங்கறது அளவு. 1,24,416 பேருக்கு ஏறக்குறைய 1 கோடியே 68 லட்சம் லிட்டர், தினமும். இப்ப உங்க கூட்டுக் குடிநீர்த் திட்டத்துல எவ்ளோ வருதுன்னு நகராட்சில கேட்டு பக்கத்துல எழுதுங்க. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற பள்ளத்தை எங்கேர்ந்து நிரப்பப் போறாங்கன்னு அறிக்கையில இல்லன்னா அதுவே ஒரு தனி ஆட்சேபணை.

ரோடு, பஸ் ஸ்டாண்ட்

உத்தேச சாலைன்னு விட்டுவிட்டு போட்ட கோடு உங்க வீட்டுமேல போகுதான்னு பாருங்க. போனா முதல்ல கேக்க வேண்டியது அகலம் எவ்ளோ, எந்தெந்த நம்பர் வழியா, மாற்று வழி பாத்தாங்களா. பக்கத்துலயே வண்டிப்பாதை புறம்போக்கு இருந்தா அதை அகலப்படுத்தலாம்னு வரைபடத்தோட காட்டுங்க. வெறும் "வேணாம்"ங்கறதைவிட இது எடுபடும்.

இங்க எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டியது பிரிவு 38. ரோடு, பார்க் மாதிரி ஒரு பொதுத் தேவைக்குன்னு ஒதுக்கின நிலத்தை, அரசிதழ்ல பிரிவு 26 அல்லது 27 அறிவிப்பு வந்து மூணு வருஷத்துக்குள்ள கையகப்படுத்தறதுக்கான அறிவிக்கையும் போடல, பேசி வாங்கவும் இல்லன்னா, அந்த ஒதுக்கீட்டுலேர்ந்து அந்த நிலம் விடுபட்டதாவே சட்டம் எடுத்துக்கும். பல ஊர்ல எண்பதுகள்ல போட்ட டிடி பிளான் (ஒரு பகுதிக்கு மட்டும் போடற விரிவான திட்டம்), அதுல காட்டின ஸ்கீம் ரோட்டை காரணம் காட்டி இன்னிக்கும் வீடு கட்ட அனுமதி நிறுத்தி வெக்கறாங்க. சட்டப்படி விடுபட்டாலும் மேப்புல கோடு தானா அழியாது, அறிவிப்பு தேதியைக் குறிப்பிட்டு பிரிவு 38 படி விடுவிச்சு உத்தரவு குடுங்கன்னு தனியா மனு குடுக்கணும், மறுத்தா ஒரு நல்ல வக்கீலைப் பாருங்க.

புது பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளிய பைபாஸ்ல கொண்டு போறது இப்ப எல்லா ஊர்லயும் நடக்குது. டவுன் நெரிசல் குறையும்ங்கறது உண்மை. ஆனா விடியக்காலைல கூடைல கீரையும் பூவும் எடுத்துட்டு பஸ்ல வந்து இறங்கற அக்காங்களுக்கு சந்தை டவுன்லதான இருக்கு, அவங்க அங்கேர்ந்து இன்னொரு டவுன் பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடிக்கணும், தினமும் ரெண்டு தரம். அரசு ஆஸ்பத்திரிக்கு வர்ற கர்ப்பிணிக்கும் அதேதான். அதனால ஆட்சேபணைல "மாத்தாதீங்க"ன்னு மட்டும் எழுதாம, பழைய பஸ் ஸ்டாண்டை டவுன் பஸ்ஸுக்கு வெச்சுக்கணும், ரெண்டுக்கும் நடுவுல எந்த ரோட்டுல இணைப்பு பஸ் ஓடும்னு திட்டத்துலயே எழுதணும்னு கேளுங்க. பைபாஸ் ரெண்டு பக்கமும் நீளமா வணிக நீலம் அடிச்சிருந்தா அதையும் எதிர்க்கணும், சர்வீஸ் ரோடு இல்லாம கடை வந்தா கொஞ்ச வருஷத்துல அந்த பைபாஸும் இன்னொரு கடைவீதி ஆகி, அடுத்த பைபாஸுக்கு இன்னொரு வயல் போகும்.

யார் வீட்டுக்குப் பக்கத்துல என்ன வருது

குப்பைக் கிடங்கு, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், ஆடு அறுக்குற தொட்டி, மின்மயானம், ஊதா கலர் தொழிற்சாலை மண்டலம், இந்த எல்லாத்துக்கும் ஒரு இடம் வேணும்தான். அந்த இடங்களை ஒரு டிரேசிங் பேப்பர்ல புள்ளி வெச்சுட்டு, அதுக்குப் பக்கத்துல எந்தக் குடியிருப்பு இருக்குன்னு பேர் எழுதிப் பாருங்க. நெறைய ஊர்ல எல்லாப் புள்ளியும் தலித் மக்கள் இருக்கற காலனிக்குப் பக்கத்துலயே விழும், அங்கதான் நிலம் விலை குறைவு, அங்கதான் எதிர்ப்பு குரல் கேக்காதுன்னு. இதை யாராவது எழுதினாத்தான் பதிவாகும். அந்தத் தெரு ஆளுங்களோட போய் உக்காந்து பேசி அவங்க பேர்லயே, அவங்க கையெழுத்துலயே ஆட்சேபணை போகணும், நாம அவங்க சார்பா எழுதறது ரெண்டாம்பட்சம். எழுதத் துணைக்கு ஆள் வேணும்னா நம்ம போகலாம்.

எழுதற விதம்

ஒரு விஷயத்துக்கு ஒரு மனு. பத்து குறையை ஒரே கடிதத்துல எழுதினா பத்துக்கும் சேத்து ஒரே வரில "பரிசீலிக்கப்பட்டது"ன்னு பதில் வரும். நூறு பேர் ஒரே ஜெராக்ஸ்ல கையெழுத்து போட்டா அதை ஒரே ஆட்சேபணையா எண்ணிடவும் வாய்ப்பிருக்கு, அதனால அவங்கவங்க நம்பர், அவங்கவங்க காரணம்னு தனித்தனியா எழுத வைங்க. மாதிரிக்கு ஒண்ணு, நம்பர் எல்லாம் சும்மா:

"பெறுநர்: உறுப்பினர் செயலர், உள்ளூர் திட்டக் குழுமம். பொருள்: வரைவு முழுமைத் திட்டம், கீழக்குளம் கிராமம் புல எண் 87, குடியிருப்பு மண்டலமாகக் காட்டப்பட்டது தொடர்பாக ஆட்சேபணை. மேற்படி புல எண் அ-பதிவேட்டில் ஓடைப் புறம்போக்கு என உள்ளது (நகல் 1). இது பெரிய கண்மாயின் மறுகால் ஓடை. 14 இடங்களில் எடுத்த புகைப்படங்கள் இணைப்பு 2. எனவே புல எண் 87-ஐ நீர்நிலை எனத் திருத்தவும், இருபுறமும் உள்ள 86, 88 ஆகிய எண்களில் ஓடையை ஒட்டிய பகுதியைத் திறந்தவெளியாக வகைப்படுத்தவும் கோருகிறேன். நேரில் விளக்க வாய்ப்பளிக்க வேண்டுகிறேன்."

இவ்ளோதான். கோவமும் வருத்தமும் நமக்கு நெறைய இருக்கும், மனுல வேணாம். கடைசி வரியை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுடாதீங்க. நேர்ல சொல்லணும்னு எழுத்துல கேட்டவங்களுக்கு விசாரணைல வாய்ப்பு குடுக்கணும்னு சட்டத்துல இருக்கு, கேக்காதவங்களைக் கூப்பிடணும்னு இல்ல. நேர்ல குடுத்தா நகல்ல தேதியோட சீல் வாங்குங்க, தபால்னா ஸ்பீட் போஸ்ட் ரசீதை பத்திரப்படுத்துங்க.

திட்டப் பகுதிக்குள்ள வர்ற சுத்துப்பட்டு ஊராட்சிகளுக்கு இன்னும் பலமான வழி இருக்கு, கிராம சபைத் தீர்மானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இந்த ஆறு நாள்ல எது உங்க ரெண்டு மாசத்துக்குள்ள வருதுன்னு காலண்டர் பாருங்க. டவுனுக்குள்ள 2022-லேர்ந்து பகுதி சபை (கிராம சபை மாதிரி வார்டுக்குள்ள கூடற மக்கள் கூட்டம்) இருக்கு, கவுன்சிலர்கிட்ட கூட்டச் சொல்லி மினிட்ஸ் புத்தகத்துல சர்வே நம்பரோட பதிய வைங்க. தீர்மான நகலை மனுவோட இணைச்சுட்டா விசாரணைல நீங்க தனி ஆளா உக்கார மாட்டீங்க.

விசாரணைல உங்களுக்கு கிடைக்கறது சில நிமிஷம்தான். பெரிய பிரிண்ட் போட்ட ஒரே ஒரு வரைபடம், அதுல சிவப்பு வட்டம், அதை மேஜைல விரிச்சு நம்பரைச் சொல்லுங்க. அந்தப் பக்கம் உக்காந்திருக்கற பிளானர்கள்ல பலபேர் உண்மையாவே இதைத் தெரிஞ்சுக்க விரும்புவாங்க, அவங்களுக்கு ஊரை நடந்து பாக்க ஆளும் இல்ல, நேரமும் இல்ல, அவங்களை எதிரியா நினைச்சு பேச ஆரம்பிச்சா நஷ்டம் நமக்குத்தான்.

ஒப்புதல் ஆனதுக்கு அப்புறம்

இறுதித் திட்டம் வந்ததும் உங்க மனுவுக்கு என்ன முடிவெடுத்தாங்கன்னு ஆர்டிஐல கேளுங்க. அதோட வேலை முடியாது, ஏன்னா ஒப்புதல் ஆன பிளான்லயும் ஒவ்வொரு சர்வே நம்பரா விவசாயத்துலேர்ந்து குடியிருப்புக்கோ தொழிற்சாலைக்கோ மாத்தறது நடந்துட்டே இருக்கும், அது தமிழ்நாடு அரசிதழ்ல "முழுமைத் திட்டத்தில் மாறுதல்"னு வரும். அரசிதழ் புதன்கிழமை வருது, இணையத்துல இலவசமாவே கிடைக்குது. உங்க ஊர்ல யாராவது ஒருத்தர் வாராவாரம் அதைத் திறந்து ஊர் பேர் வருதான்னு பாக்கற பொறுப்பை எடுத்துக்கணும், ரிட்டயர்டு வாத்தியார், கிராம நிர்வாக அலுவலரா இருந்தவர் மாதிரி ஒருத்தர் கிடைச்சா அருமை.

உங்க தெருவுக்கு அனுமதி வாங்கின லேஅவுட்டோட வரைபடத்தையும் ஒரு நகல் வாங்கி வைங்க. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல போட்ட லேஅவுட்ல ரோடு போக மீதியில 10 சதவீதம் திறந்தவெளியா விட்டு உள்ளாட்சிக்கு தானப் பத்திரம் எழுதிக் குடுத்திருக்கணும். அந்தப் பத்திரம் பதிவாச்சான்னு சார்பதிவாளர் ஆபீஸ்ல வில்லங்கம் போட்டுப் பாருங்க. பார்க்குன்னு காட்டின இடத்தை வேற எதுக்கும் ஒதுக்கக் கூடாதுன்னு பெங்களூர்ல ஒரு பூங்கா வழக்குல உச்ச நீதிமன்றம் 1991-லயே சொல்லிடுச்சு. பத்திரம் இருந்தும் அங்க யாராவது கம்பி வேலி போட்டா, அந்த நகலோட நகராட்சி ஆணையருக்கு மனு குடுங்க, பத்திரமே பதிவாகலன்னா லேஅவுட் அனுமதி எண்ணைப் போட்டு டிடிசிபிக்கு எழுதுங்க.